ஊமைக்காயத்தை அளப்பது எப்படி?

1962 மார்ச் மாதம், பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் மைதானம். மேற்கிந்தியத் தீவுகளில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த இந்திய அணியின் தலைவர் நாரி கான்ட்ராக்டருக்கு அப்போது வயது 28. உள்ளூர் அணியின் வேகப்பந்து வீச்சாளர் சார்லி கிரிஃபித் வீசிய பந்து அவருடைய மண்டையில், வலது காதுக்குச் சற்று மேலே மோதியது. மட்டையாளர்கள் தலைக்கவசம் அணியாத காலம் அது. மண்டையோடு உடைந்தது, உள்ளே ரத்தம் கட்டியது. அவசரமாக அறுவை சிகிச்சை செய்தார்கள். மேற்கிந்திய அணித் தலைவர் ஃபிராங்க் வொரல் ஓடிவந்து ரத்தம் கொடுத்தார். கான்ட்ராக்டர் பிழைத்தார். மண்டையில் விழுந்த பள்ளத்தை மூட வேலூரில் உலோகத் தகடு ஒன்றைப் பொருத்தினார்கள். அறுபது ஆண்டுகள் அந்தத் தகட்டோடு வாழ்ந்தார். 2022இல் மும்பையில் அதை அகற்றினார்கள். டெஸ்ட் ஆட்டம் மட்டும் அவருக்கு மறுபடி வாய்க்கவே இல்லை.

2019 ஆகஸ்ட் 17, லண்டன் லார்ட்ஸ் மைதானம். ஆஷஸ் தொடரின் இரண்டாவது டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித் 80 ரன்களோடு ஆடிக்கொண்டிருந்தார். ஜோஃப்ரா ஆர்ச்சர் மணிக்கு 148 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய பந்து காதுக்குக் கீழே கழுத்தில் பட்டு அப்படியே சாய்ந்தார். ரத்தம் இல்லை, எலும்பு முறிவும் இல்லை. அணி மருத்துவர் சோதித்தார், ஸ்மித் தேறிவிட்டார். முக்கால் மணி நேரத்தில் மட்டையோடு திரும்பி 92 வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. மறுபடி சோதித்தபோது முந்தைய நாளின் விடை மாறியிருந்தது. அவருக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். மூளை அதிர்வுக்காக மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் விதி நடைமுறைக்கு வந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை.

முதல் காயத்தைக் கண்ணால் காண முடிந்தது. இரண்டாவது, தேர்ந்த மருத்துவரின் சோதனைக்கும் ஒரு நாள் பிடிகொடுக்காமல் இருந்தது. மேலே கீறல் இல்லாமல் உள்ளே மட்டும் பட்ட அடியை ‘ஊமைக்காயம்’ என்கிறது தமிழ். தலைக்காயங்களில் பெரும்பாலானவை இந்த ஊமைக்காயங்களே. உலகில் ஆண்டுதோறும் சுமார் 6.9 கோடிப் பேருக்கு மூளைக்காயம் ஏற்படுவதாக 2018இல் வெளியான மதிப்பீடு ஒன்று சொல்கிறது. இந்த ஊமையைப் பேசவைக்க மருத்துவம் நூறு ஆண்டுகளாகப் பல அளவுகோல்களைச் செய்து பார்த்திருக்கிறது. அந்த அளவுகோல்கள் எதைச் சொல்கின்றன, எதைத் தவறவிடுகின்றன என்பதை நோயாளியின் வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால் மூளைக்காயம் மணிக்கணக்கில், நாள்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஒரே ஒரு முறை அளந்துவிட்டு ஓய்ந்தால் தவறாகத்தான் அளந்திருப்போம்.

மண்டைக்குள் நடப்பது

வளர்ந்த மனிதரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம். இளநீர் வழுக்கையைப் போலக் குழைவானது. மண்டையோட்டுக்குள் தண்டுவட நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. வண்டி மோதித் தலை சட்டென்று நிற்கும்போது மூளை நிற்பதில்லை. முன்னே போய் எலும்பில் இடிக்கிறது, பிறகு பின்னே போய் எதிர்ப்புறத்தில் இடிக்கிறது. அடிபட்ட பக்கத்தைவிட எதிர்ப்பக்கம் அதிகம் கன்றிப்போவதும் உண்டு.

நேராக இடிப்பதைவிடத் தலை திருகிக்கொள்வது ஆபத்தானது. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோல்போர்ன், மூளை வடிவில் ஜெலட்டின் மாதிரிகள் செய்து சோதித்து, 1943இல் இதை விளக்கினார். சுழற்சியின்போது மூளையின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் நகர்கின்றன. இடையில் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சிதைகின்றன. 1956இல் சபீனா ஸ்ட்ரிச் என்ற நோயியல் மருத்துவர், தலைக்காயத்துக்குப் பிறகு நினைவு திரும்பாமலே இறந்தவர்களின் மூளைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். பெரிய ரத்தக்கட்டு ஏதுமில்லாத மூளைகளிலும் வெண்பகுதி முழுக்க நரம்பிழைகள் அழிந்திருந்ததைக் கண்டார். ஸ்கேனில் ‘ஒன்றுமில்லை’ என்று வந்தும் நோயாளி கண்விழிக்காத புதிருக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது.

ரத்தக்கட்டின் கதை வேறு. ‘பொட்டில் அடித்தாற்போல’ என்று சொல்கிறோமே, அந்த நெற்றிப்பொட்டில் எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டித் தமனி ஒன்று ஓடுகிறது. எலும்பு விரிசல் விட்டு அந்தத் தமனி கிழிந்தால் எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கத் தொடங்கும். அடிபட்டவர் எழுந்து உட்கார்வார், பேசுவார், தேநீர்கூடக் குடிப்பார். சில மணி நேரத்தில் சரிந்து விழுவார். இடைப்பட்ட அந்தத் தெளிவு எத்தனையோ குடும்பங்களை ஏமாற்றியிருக்கிறது. 2009 மார்ச் மாதம் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பனிச்சறுக்குப் பழகும்போது விழுந்த நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், தனக்கு ஒன்றுமில்லை என்று மருத்துவ உதவியை மறுத்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. இரண்டு நாளில் இறந்துபோனார். வயது 45.

முதியவர்களிடம் இந்தத் தெளிவு வாரக்கணக்கில் நீடிக்கும். வயதாக ஆக மூளை சுருங்குவதால் ரத்தம் மெல்லக் கசிந்து தேங்க இடம் இருக்கிறது. குளியலறையில் வழுக்கி விழுந்ததை எல்லாரும் மறந்த பிறகு, ஒரு மாதம் கழித்துத் தாத்தாவின் நடை தடுமாறும், பேச்சு குழறும். ‘வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு’ என்று வீடு சமாதானம் கொள்ளும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களிடம் இந்த ஆபத்து இன்னும் அதிகம். சரியான வேளையில் கண்டுபிடித்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த ரத்தத்தை வடித்து எடுத்துவிடலாம். பலர் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

மண்டையோடு விரிந்துகொடுக்காத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், தண்டுவட நீர் ஆகிய மூன்றும் அளவோடு அடைந்திருக்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று குறைய வேண்டும். எடின்பரோவின் அலெக்சாண்டர் மன்றோவும் அவருடைய மாணவர் ஜார்ஜ் கெல்லியும் இரு நூற்றாண்டுகளுக்கு முன்னே வகுத்த இந்தக் கணக்கில்தான் இன்றும் தீவிர சிகிச்சைப் பிரிவு இயங்குகிறது. வீக்கமோ ரத்தக்கட்டோ பெருகும்போது முதலில் நீர் விலகி இடம் கொடுக்கும். அந்த இடமும் தீர்ந்த பிறகு மண்டைக்குள் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும்; மூளைக்குப் போகும் ரத்தம் குறையும். அடிபட்ட நொடியில் நேர்ந்த சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. அதன்பின் மணிக்கணக்கில் நேரும் இரண்டாம் சேதத்தைத் தடுக்கலாம். ரத்த அழுத்தம் ஒரே ஒரு முறை 90க்குக் கீழே இறங்கினாலும் கடுமையான தலைக்காயத்தில் இறப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று 1993இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. சாலையோரத்தில் மூச்சுப்பாதையைச் சீராக்கி, ஆக்சிஜன் கொடுத்து, ரத்தப்போக்கை அடக்கும் ஆம்புலன்ஸ் ஊழியர் மூளைக்கே சிகிச்சை அளிக்கிறார் என்பதன் பொருள் இதுதான்.

மூன்று கேள்விகள், பதினைந்து மதிப்பெண்கள்

1970களுக்கு முன் நினைவிழந்த நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் குறித்து வைத்தவற்றைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ‘அரை மயக்கம்’, ‘ஆழ்ந்த மயக்கம்’, ‘மந்தம்’ என்று ஆளுக்கொரு சொல் எழுதினார்கள். காலையில் ஒரு மருத்துவர் எழுதிய மந்தமும் மாலையில் இன்னொருவர் எழுதிய மந்தமும் ஒன்றா என்று யாருக்கும் தெரியாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் இருவரும் 1974இல் இதற்கு எளிய வழி சொன்னார்கள். மூன்றே மூன்றைப் பாருங்கள்: கண், பேச்சு, கை கால் அசைவு.

தமிழ்நாட்டு அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு இரண்டு மணிக்கும் அந்தக் கேள்விகள் ஒலிக்கும். “ஐயா, கண்ணைத் திறங்க.” “பேர் என்ன? இது எந்த இடம்?” “என் கையை இறுக்கிப் பிடிங்க பார்ப்போம்.” கண் தானாகத் திறந்திருந்தால் 4, குரல் கேட்டுத் திறந்தால் 3, வலி கொடுத்துத் திறந்தால் 2, திறக்காவிட்டால் 1. தெளிவான பேச்சுக்கு 5; குழப்பமான பேச்சு, ஒற்றைச் சொற்கள், வெறும் முனகல் என்று குறைந்துகொண்டே போய் 1. சொன்னதைச் செய்யும் கைக்கு 6. வலி வரும் இடத்தைத் தேடித் தட்டிவிட்டால் 5. அசைவே இல்லாவிட்டால் 1. கூட்டினால் அதிகம் 15, குறைந்தது 3. பதின்மூன்றும் அதற்கு மேலும் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8உம் அதற்குக் கீழும் கடுமையானது என்று பிரிக்கிறார்கள். விலையில்லாத இந்தக் கருவி மொழி, நாடு, பணம் எல்லாவற்றையும் கடந்து பரவியது. “ஜிசிஎஸ் (கிளாஸ்கோ கோமா ஸ்கேல்) எவ்வளவு?” என்பது இன்று உலகின் எந்த மருத்துவமனையிலும் முதல் கேள்வி.

இதைச் செய்தவர்கள் விரும்பியது வேறு, நடப்பது வேறு. திரும்பத் திரும்ப அளந்து மாற்றத்தைப் பார்க்கவே அவர்கள் இதை உருவாக்கினார்கள். பதினைந்திலிருந்து பதின்மூன்றுக்கு இறங்குகிற நோயாளி, பத்திலேயே நிற்பவரைவிட அவசரமாகக் கவனிக்கப்பட வேண்டியவராக இருக்கலாம். கூட்டுத்தொகை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். ஒரே எண்ணிக்கை வெவ்வேறு சேர்க்கைகளில் வரும், அவற்றின் பொருளும் வேறுபடும். தொண்டையில் குழாய் போட்டிருந்தால் பேச்சுக்கு மதிப்பெண் போட முடியாது. கண் வீங்கி மூடியிருந்தால் கண்ணுக்குப் போட முடியாது. கைக்குழந்தைக்குத் தனி அளவுகோல் வேண்டும். கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளும் திருத்தத்தை டீஸ்டேலும் உடன் பணியாற்றியவர்களும் 2018இல் முன்வைத்தார்கள்.

எல்லாவற்றையும்விடக் கொடிய பிழை மதுவின் வாசனையால் வருகிறது. சாலையோரத்தில் கிடப்பவரிடம் சாராய நெடி வந்தால், ‘போதையில் கிடக்கிறான், விடிந்தால் தெளிந்துவிடும்’ என்று கூடியிருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். குடித்தவர் விழுவதற்கு வாய்ப்பு அதிகம்; விழுந்தவரின் மண்டைக்குள் ரத்தம் கட்ட வாய்ப்பும் அதிகம். மயக்கம் போதையால் வந்தது என்று முடிவு செய்வது, தலைக்காயம் இல்லை என்று உறுதியான பிறகே நடக்க வேண்டும்.

படம் காட்டுவதும் மறைப்பதும்

1971 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலையைப் படமெடுத்தது. அதுவரை மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று அறிய, ஊகித்த இடத்தில் துளையிட்டுப் பார்ப்பது வழக்கமாக இருந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் ஆலன் கார்மக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. தலைக்காய மருத்துவத்தை அந்தக் கருவி இரண்டாகப் பிரித்தது என்றே சொல்லலாம்: அதற்கு முன், அதற்குப் பின்.

யாருக்கெல்லாம் ஸ்கேன் எடுப்பது? அடிபட்ட எல்லாருக்கும் எடுத்தால் செலவும் கதிர்வீச்சும் கூடும். எடுக்காமல் விட்டால் ரத்தக்கட்டு தப்பிப்போகும். கனடாவில் இயன் ஸ்டீல் குழுவினர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2001இல் ஒரு விதியைத் தந்தார்கள். அடிபட்டு இரண்டு மணி நேரமாகியும் தெளிவு முழுதாகத் திரும்பவில்லை, இரண்டு முறையோ அதற்கு மேலோ வாந்தி, மண்டையோட்டு முறிவின் அடையாளம், 65 வயதோ அதற்கு மேலோ – இப்படிச் சில அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் தேவை. கண்ணைச் சுற்றிக் கருமை, காதுக்குப் பின்னே நீலம் பாரித்தல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிதல் ஆகியவை மண்டையின் அடித்தளம் உடைந்ததைக் காட்டுபவை.

சி.டி. ஸ்கேன் ரத்தத்தை நன்றாகக் காட்டும். இழுபட்ட நரம்பிழையைக் காட்டாது. லேசான காயம் என்று வகைப்படுத்தப்பட்டு, சி.டி. ஸ்கேனும் இயல்பாக இருந்தவர்களை எம்.ஆர்.ஐ.யில் பார்த்தபோது 27 விழுக்காட்டினருக்குச் சேதம் தெரிந்ததாக அமெரிக்க ஆய்வுக் குழு 2013இல் அறிவித்தது. ரத்தத்திலும் தடயம் தேடுகிறார்கள். மூளை உயிரணுக்கள் சிதையும்போது அவற்றின் புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றில் இரண்டை அளக்கும் சோதனைக்கு 2018 பிப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் எடுக்கும் இந்தச் சோதனை, ஸ்கேன் தேவையில்லாதவர்களை அடையாளம் காண உதவுகிறது.

‘லேசானது, நடுத்தரம், கடுமை’ என்ற மூன்று பெட்டிகளே போதாது என்ற குரல் இப்போது வலுத்திருக்கிறது. 2025இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று நான்கு தூண்கள் கொண்ட புதிய முறையை வெளியிட்டது: நோயாளியின் நிலை, ரத்தத்தில் தெரியும் தடயங்கள், ஸ்கேன் படம், இவற்றோடு முந்தைய நோய்கள், வாழ்க்கைச் சூழல் போன்ற பின்னணி. ‘கடுமை’ என்ற ஒரு சொல்லைக் கேட்டுச் சிகிச்சையை விரைவில் கைவிடுவதும், ‘லேசு’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு வீட்டுக்கு அனுப்பி மறந்துவிடுவதும் குறைய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

‘லேசான’ காயத்தின் கனம்

எம்.ஆர்.ஐ. ஆய்வு நடத்திய அதே அமெரிக்கக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், லேசான மூளைக்காயம் என்று சொல்லப்பட்டவர்களில் 53 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் அன்றாட வாழ்வில் ஏதோ ஒரு குறையோடு இருந்தார்கள். கை கால் முறிந்து, தலையில் அடிபடாதவர்களிடம் அது 38 விழுக்காடு. தலைவலி, தூக்கமின்மை, வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, எரிச்சல், நாலு வரி படித்தால் களைப்பு. இவை ஸ்கேனில் வராது. அலுவலக மேலாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் சோம்பலாகத் தெரியும்.

விளையாட்டு உலகம் இதை வலியோடு கற்றுக்கொண்டது. குத்துச்சண்டை வீரர்கள் காலப்போக்கில் தடுமாறுவதையும் குழறுவதையும் ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928இல் பதிவு செய்தார். 2002இல் இறந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையை ஆராய்ந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, ஓயாத அடிகளால் வரும் மூளைச் சிதைவை அதில் கண்டு 2005இல் எழுதினார். ஆட்டக் களத்தில் அடிபட்டவரைச் சோதிக்கும் கையேட்டை உலக வல்லுநர்கள் கூடிக் கூடித் திருத்தி வருகிறார்கள்; ஆறாவது பதிப்பு 2023இல் வந்தது. மூளை அதிர்வு என்ற சந்தேகம் இருந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்பது அதன் உறுதியான விதி. கபடி, கால்பந்து, கிரிக்கெட் என்று ஊர்தோறும் ஆடும் பிள்ளைகளின் பயிற்சியாளர்கள் இந்த ஒன்றையாவது மனத்தில் நிறுத்த வேண்டும்.

நம்பிக்கையைத் திருத்திய சோதனைகள்

தலைக்காய நோயாளிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வீக்கம் வடியும் என்று மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு நம்பினார்கள். பத்தாயிரம் பேரைக் கொண்டு பன்னாட்டு அளவில் நடந்த கிராஷ் ஆய்வு 2004இல் அதைப் பொய்யாக்கியது. ஊசி பெற்றவர்களில் 21.1 விழுக்காட்டினர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள், பெறாதவர்களில் 17.9 விழுக்காட்டினர். ஊசியே உயிர்களைப் பறித்திருந்தது. மாறாக, ரத்தப்போக்கை அடக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற விலை மலிந்த மருந்து, லேசான, நடுத்தரக் காயங்களில் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தருவதை 2019இல் அடுத்தொரு ஆய்வு காட்டியது.

மண்டையோட்டின் ஒரு பகுதியை வெட்டியெடுத்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவை சிகிச்சை பற்றி 2016இல் வந்த முடிவுகள் குடும்பங்கள் அறிய வேண்டியவை. மருந்துக்கு அடங்காத அழுத்தம் உள்ளவர்களில், அறுவை செய்தபோது ஆறு மாதத்தில் இறப்பு 48.9 விழுக்காட்டிலிருந்து 26.9 ஆகக் குறைந்தது. உணர்வற்ற நிலையில் உயிர் மட்டும் தங்கியவர்கள் 2.1 விழுக்காட்டிலிருந்து 8.5 ஆனார்கள். ‘ஆபரேஷன் பண்ணலாமா?’ என்று மருத்துவர் கேட்கும்போது இரண்டு எண்களையும் சொல்லிக் கேட்பது முறை.

உணர்வற்ற நிலை என்ற முடிவும் அவசரமாகச் சொல்லத்தக்கதன்று. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழுவினர், அசைவே இல்லாத ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி மூளையைப் படமெடுத்தார்கள். நலமானவர்களின் மூளையில் ஒளிரும் அதே இடங்கள் அவருடைய மூளையிலும் ஒளிர்ந்தன. அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுமுனையில் மூளைச்சாவு இருக்கிறது. அங்கே அளவீடு மிகக் கண்டிப்பானது. இந்தியச் சட்டப்படி நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து உறுதி செய்ய வேண்டும். 2008 முதல் தமிழ்நாடு உறுப்பு தானத்தில் முன்னே நிற்பதற்கு, சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தவர்களின் குடும்பங்கள் துயரத்தின் நடுவே சொன்ன சம்மதமே அடிப்படை.

பிழைத்த பின்

1848 செப்டம்பர் 13 அன்று அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதைக்குப் பாறை தகர்த்துக்கொண்டிருந்த மேற்பார்வையாளர் ஃபினியஸ் கேஜின் கன்னத்தில் நுழைந்த இரும்புக் கடப்பாரை உச்சந்தலை வழியே வெளியேறியது. மூன்றரை அடிக்கு மேல் நீளம், ஆறு கிலோ எடை. அவர் நடந்தார், பேசினார், பிழைத்தார். குணம் மட்டும் மாறிவிட்டதாக மருத்துவர் ஜான் ஹார்லோ பதிவு செய்தார். நெற்றிப் பகுதி மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல இந்தக் கதையை எல்லாப் பாடநூலும் எடுத்தாள்கிறது. அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரைவண்டி ஓட்டினார் என்ற செய்தி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. தினமும் ஒழுங்காக நடக்கும் வேலை அவரைத் தேற்றியிருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சேதத்தையும் மீட்சியையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதற்கு இது பழைய சான்று.

“ஆள் பிழைச்சுட்டான், ஆனா பழைய ஆளா இல்லை.” வீட்டார் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தைப் பிரித்து ஆராய்வதே நரம்பு உளவியல் சோதனை. எண்களைத் தலைகீழாகச் சொல்லவைப்பார்கள். சொற்பட்டியலை அரை மணி நேரம் கழித்து நினைவுகூரச் சொல்வார்கள். ஒரே நேரத்தில் இரண்டு விதிகளைப் பின்பற்றச் சொல்வார்கள். கவனம், நினைவு, திட்டமிடல், அடக்கம் எனத் தனித்தனியாக எது குறைந்தது என்று தெரியவரும். இந்தச் சோதனைகளில் பல மேலைநாட்டுப் படிப்பையும் மொழியையும் அளவாகக் கொண்டவை. பள்ளிக்கே போகாத ஒரு கொத்தனாரை அவற்றால் அளந்தால் காயத்துக்கு முன்பே அவர் ‘தோற்றிருப்பார்’. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் ஷோபினி ராவும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட சோதனைத் தொகுப்பு, இந்தியர்களின் வயது, கல்வி ஆகியவற்றுக்கேற்ற அளவுகளைத் தந்தது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இதைத் தமிழில் செய்யத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

குழந்தைகளின் காயம் தாமதமாக வெளிப்படும். ஐந்து வயதில் அடிபட்ட பகுதியின் வேலை பதின்மூன்று வயதில்தான் தேவைப்படும். அப்போது மதிப்பெண் சரியும், கோபம் மிகும். யாரும் பழைய விபத்தை நினைப்பதில்லை. அமெரிக்கா 1990இலேயே மூளைக்காயத்தைச் சிறப்புக் கல்வியின் தனி வகையாகச் சட்டத்தில் சேர்த்தது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. மூளைக்காயத்துக்கு அதில் தனிப் பெயர் இல்லை.

தலைப்பாகையோடு போனால்

அளப்பதைவிட அடிபடாமல் காப்பது மேல். 1935 மே மாதம் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலைக்காயமுற்று ஆறு நாளில் இறந்தார் ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ். சிகிச்சை அளித்தவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் அந்த இறப்பை மறக்கவில்லை. ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் காயங்களைத் தொகுத்து 1941இல் அவர் எழுதிய கட்டுரை, தலைக்கவசத்தின் தேவையைக் கணக்கோடு நிறுவியது. தலைக்கவசம் இறப்பை 42 விழுக்காடும் தலைக்காயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்பது பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்ட முடிவு. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்ற பழமொழி சொல்வதும் அதுவே. நசுங்கிய கவசத்தை மறுபடி போடக் கூடாது. நாடாவைப் பூட்டாத கவசம் தலையில் நிற்காது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது ஒன்றிய அரசின் அறிக்கை. தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அவர்களில் 14,337 பேர் பின்னே உட்கார்ந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம். உயிரிழந்தவர்கள் 17,884 பேர். சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2015 ஜூலை 1 முதல் தலைக்கவசம் கட்டாயம் என்று அறிவித்த மாநிலம் இது.

மாநிலம் செய்தவையும் உண்டு. 108 ஆம்புலன்ஸ் 2008இல் வந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கும் நல்லுள்ளத்தவரை வழக்கிலிருந்து காக்கும் பிரிவு 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு வரும் ஆறு மாதங்களுக்கும் ஆறு ஆண்டுகளுக்கும்தான் இன்னும் இப்படி ஒரு ஏற்பாடு இல்லை. பேச்சுப் பயிற்சி, நினைவுப் பயிற்சி, வேலைக்குத் திரும்பும் உதவி எல்லாம் பெருநகரங்களிலேயே தங்கிவிட்டன. ஊரில் அந்தச் சுமையைத் தாயும் மனைவியும் தனியாகச் சுமக்கிறார்கள்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று தெளிவாகத் தெரிகிறது: தலைக்காயத்தோடு வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதத்திலும் ஆறு மாதத்திலும் மறுபரிசோதனைக்கான தேதியை அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். வீட்டார் செய்ய வேண்டியதும் உண்டு. தலையில் அடிபட்டவரை முதல் 24 மணி நேரம் தனியே விடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, இரண்டு கண்பாவைகளின் அளவில் வேறுபாடு, குழறும் பேச்சு – இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 108ஐ அழையுங்கள். வாரங்கள் கழித்து அவருடைய நடையோ நினைவோ குணமோ மாறினால், அன்று அடிபட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.